இமைப்பது மானிட தர்மம்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறு அறையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தெருவிலுள்ள பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்து, அந்த வருமானத்திலேயே தம் மக்கள் இருவரையும் படிக்கவைத்து ஆளாக்கிய என் தமக்கையார், சென்ற ஆண்டு கண் வைத்தியரிடம் போய் வந்த ஒரு மாலையில் மிகுந்த மனத்தாங்கலுடன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "காத்துப் பட்டாப் போதும், கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுது. முந்தானையால தொடச்சுத் தொடச்சு இமையே புண்ணாப் போச்சு. டாக்டரோ, கண்ணு வறண்டு போயிருக்குன்னு சொல்றார். இது என்ன நியாயம், தம்பி?" என்றார்.

கண்ணீர் என்பது அழுகையில் வழிவது என்று மட்டுமே அறிந்த எவருக்கும், ஓயாமல் நீர் வடிகிற கண்ணை வறண்ட கண் என்று சொல்வது முன்னுக்குப்பின் முரணாகத்தான் தோன்றும். ஆயினும் இந்த முரண்பாட்டை விளங்கிக்கொண்டவர்க்கே கண் வறட்சியின் தன்மை விளங்கும். தன்மை விளங்காதவர் கண்ணுக்குச் செய்யும் உபசாரங்கள் பெரும்பாலும் அபசாரமாகவே முடியும். வறண்ட கண்ணுக்கு முதலில் வேண்டியது, வெளியிலிருந்து எதையேனும் கொண்டுவந்து ஊற்றுவதன்று. கண் தன் நீரைத் தானே காத்துக்கொள்ள நாம் இடம் கொடுப்பதே என்பது என் திடமான அபிப்பிராயம்.

நாம் அழாத நேரத்திலும், சிரிக்கும் நேரத்திலும், கருவிழியின் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் விரிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஏறக்குறைய மூன்று கூறு கனமே உடைய அந்த மெல்லிய படலம், கருவிழியைத் தழுவிப் பிடிக்கும் வழவழப்பான ஒரு பசை, அதன் மேல் கண்ணீர்ச் சுரப்பி தரும் உப்பு நீர், அந்த நீர் காற்றில் ஆவியாகிப் போய்விடாதபடி மூடிக் காக்கும் மிக நேர்த்தியான ஓர் எண்ணெய்ப் பூச்சு என்னும் மூன்றினால் ஆனது. இரத்தக் குழாய் ஒன்றேனும் இல்லாத கருவிழி, தனக்கு வேண்டிய பிராணவாயுவை இந்தப் படலத்தின் வழியாகவே காற்றிலிருந்து பெறுகிறது. கிருமிகளைக் கரைத்து அழிக்கும் லைசோசைம் என்னும் பொருள் கண்ணீரில் இருப்பதை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922ஆம் ஆண்டில், பெனிசிலினைக் காண்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, உலகுக்கு எடுத்துச் சொன்னார். ஆகவே கண்ணுக்கு உணவும் காவலும் ஒருங்கே இந்த ஒரு துளி நீர்தான்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. மேலிமையிலும் கீழிமையிலும், மயிர்க்கால்களுக்குச் சற்று உட்புறமாக, இமைக்கு இருபது முப்பது என்ற கணக்கில் வரிசையாக நிற்கும் நுண்ணிய சுரப்பிகளே அதனைத் தருகின்றன. 1666ஆம் ஆண்டில் அவற்றை விரிவாக வருணித்த ஜெர்மானிய வைத்தியர் ஹைன்ரிஷ் மைபோம் என்பவரின் பெயராலேயே இன்றும் அவை மைபோமியன் சுரப்பிகள் என்று வழங்கப்படுகின்றன. இச்சுரப்பிகளின் வாய் அடைபட்டாலோ, எண்ணெய் இறுகிப் போனாலோ, கண்ணீர் போதிய அளவு சுரந்தும் பயன் இல்லை; அது நிமிஷத்தில் ஆவியாகிவிடுகிறது. மூடு போர்வை இழந்த கருவிழியின் நரம்புகள் எரிச்சலால் ஓலமிட, அந்த ஓலத்தைக் கேட்ட கண்ணீர்ச் சுரப்பி பதறிப்போய் வெள்ளமாக நீரை இறைக்கிறது. அந்த வெள்ளத்தில் நீர் உண்டு, பசையும் எண்ணெயும் வேண்டிய அளவு இல்லை. ஆதலால் கண்ணில் நில்லாமல் கன்னத்தில் வழிந்தோடிவிடுகிறது. கரை உடைந்த ஏரியில் மழை எவ்வளவு பெய்தாலும் மறுநாள் வெறும் சேறுதான் மிஞ்சும். என் தமக்கையாரின் கண்ணில் நிகழ்ந்தது இதுவே. கண் வறட்சியால் வருந்துவோரிற் பெரும்பாலோர் கண்ணிலும் நிகழ்வது, நீர் சுரவாத குறை மட்டுமன்று, சுரந்த நீர் நில்லாத குறையும் ஆகும்.

இந்தக் கரையைக் கட்டும் வேலையை இயற்கை இமையினிடம் ஒப்படைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமையின் தசை அச்சுரப்பிகளை மெல்லப் பிழிந்து எண்ணெயை வெளிக்கொணர்ந்து, கருவிழி முழுவதும் புதிதாகப் பூசிவிட்டுச் செல்கிறது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை, நம் அறிவுக்கும் முயற்சிக்கும் எட்டாமலே, இது நடைபெறுகிறது. எழுத்தொலியின் மாத்திரைக்கு அளவு வகுத்த தொல்காப்பியனார் கைந்நொடியோடு கண்ணிமையையும் அளவாகக் கொண்டார் என்றால், அத்தனை இயல்பாகவும் சீராகவும் மனிதன் இமைத்துக்கொண்டிருந்தான் என்பதன்றோ பொருள்? சுயம்வர மண்டபத்தில் நளனைப் போலவே உருவெடுத்து வந்து நின்ற தேவர்களுக்கு நடுவில் தமயந்தி மெய்யான நளனைக் கண்டுகொண்ட அடையாளங்களுள் இதுவும் ஒன்று. தேவர்களின் கண் இமையாது. அதனால் அவர்களுக்கு இமையவர் என்றே பெயர். மனிதன் கண் இமைக்கும். இமைப்பதையே மானிடத்தின் இலட்சணமாகக் கண்ட சமூகம் நம்முடையது.

இன்றோ நாம் அனைவரும் இமையவராக முயன்றுகொண்டிருக்கிறோம். கணினித் திரையையோ கைப்பேசியையோ உற்று நோக்கும்போது, இமைக்கும் தடவைகள் வழக்கத்தில் பாதியாகவும், சில சமயம் மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்துவிடுகின்றன. அப்படி இமைக்கிற சில தடவைகளிலும் மேலிமை கீழிமையைத் தொடாமலே பாதி வழியில் திரும்பிவிடுகிறது. திரையைப் பார்ப்பவர்க்கு மட்டுமே உரிய குறை என்றும் இதனை எண்ண வேண்டா. ஊசிமுனையை நோக்கும் தையற்காரர், தறியை நோக்கும் நெசவாளர், விடிய விடியப் படிக்கும் மாணவர், இரவில் நெடுஞ்சாலையை நோக்கியபடி வண்டி ஓட்டுபவர் ஆகிய எல்லாரும் கருத்தூன்றுந்தோறும் இமைக்க மறக்கிறார்கள். பயனுள்ள எந்த வேலைக்கும் இன்றியமையாத கவனம் என்னும் உயர்ந்த குணமே கண்ணிடம் இந்த விலையைக் கேட்டு வாங்குகிறது.

கண் எரிந்தால் உடனே "உடம்புச் சூடு" என்று சொல்லி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும்படி யோசனை கூறுவது நம் வீடுகளின் சம்பிரதாயம். எண்ணெய்க் குளியலையும் அதன்பின் வரும் நல்ல உறக்கத்தையும் நான் குறைவாக மதிப்பவன் அல்லேன். ஆனால் சூடு என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ காரணங்கள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. மாதவிலக்கு நின்ற பருவத்துப் பெண்களுக்கும், நீரிழிவு, தைராய்டு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் இந்த உபாதை மிகுதியாக வருகிறது. தும்மலுக்கும் ஜலதோஷத்துக்கும் விழுங்கும் மாத்திரைகள் சில, மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் சில, இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் ஆகியனவும் கண்ணின் ஈரத்தைக் குறைக்கக்கூடும். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டுகளும் வலிக்குமானால் அது உடல் முழுவதையும் பற்றிய வேறொரு நோயாக இருக்கலாம். ஸ்வீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியில் விளக்கியதால் அந்நோய் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சூடு என்று ஒதுக்கிவிட்டால் இவையெல்லாம் ஆராயப்படாமலே போய்விடும்.

இனி, வீட்டில் செய்ய வேண்டுவது யாது? வீட்டுப் பராமரிப்பு வேறு, கைவைத்தியம் வேறு என்ற பேதத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கைவைத்தியம் ஒரு பொருளைத் தேடுகிறது. பராமரிப்பு ஒரு பழக்கத்தை நாடுகிறது. பொருள் ஒரு நாளில் கிடைத்துவிடும். பழக்கத்துக்கோ பல வாரங்கள் பொறுமை வேண்டும். அதனாலேயே முன்னதற்கு ஆள் மிகுதி.

பழக்கங்களில் தலையாயது முழுமையாக இமைத்தல். கண்ணை மெல்ல மூடி, இரண்டு விநாடி அப்படியே வைத்திருந்து, சற்றே அழுத்தி, பின் நிதானமாகத் திறப்பதை ஒரு வேளைக்குப் பத்துத் தடவை என்று நாளில் பல வேளை செய்யலாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள பொருளை, இருபது விநாடி நோக்க வேண்டும் என்று கண் வைத்தியர்கள் சொல்லும் கணக்கு எளிதில் நினைவில் நிற்பது. திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி வைத்தால் இமை பாதி இறங்கி, விழியின் திறந்த பரப்புக் குறைந்து, அதற்கேற்ப ஈரமும் நிலைக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே முகத்தை மேல் நோக்கி வைத்து உறங்குவதும், குளிர்சாதனக் காற்று முகத்தில் அறையும்படி அமர்வதும் கண்ணைக் காயவைக்கும் காரியங்கள். கட்டிலையும் நாற்காலியையும் சற்றே நகர்த்திப் போடுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. உறக்கத்தில் சிலருக்கு இமை முழுவதும் மூடுவதில்லை. அவர்களுக்குக் காலையில் கண் திறக்கும்போதே உறுத்தல் இருக்கும். இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் கண்ணாடியோ முகம் மூடும் தலைக்கவசமோ அணிவது காற்றையும் தூசியையும் ஒருங்கே தடுக்கும்.

அடுத்தது ஒத்தடம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் உறைந்து போனால், குப்பியைக் கவிழ்த்துக் குலுக்குவதால் பயன் இல்லை, வெயிலில் வைத்தால்தான் இளகும் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். இமைச் சுரப்பிகளில் இறுகிய எண்ணெய்க்கும் இதே நியாயம்தான். தூய மெல்லிய துணியைக் கை பொறுக்கும் வெந்நீரில், ஏறக்குறைய 40 டிகிரி வெப்பத்தில், நனைத்துப் பிழிந்து மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிஷம் வரை வைக்க வேண்டும். ஒரு துணி ஓரிரு நிமிஷத்தில் ஆறிவிடுமாதலால், இரண்டு துணிகளை மாற்றி மாற்றி வைப்பது அவசியம். ஆறிய துணியை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் கிடப்பதில் பிரயோஜனம் இல்லை. பிறகு சுத்தமான விரல் நுனியால், மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும், விழியை அழுத்தாமல், மயிர்வரிசை வரை மெல்ல வருடிவிட வேண்டும். இமை விளிம்பில் செதில் போலப் படிந்திருக்கும் அழுக்கை ஈரத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். கண் மையை இமையின் உள் விளிம்பில் தீட்டினால் அச்சுரப்பிகளின் வாயையே அடைத்ததாகும் என்பதையும் நம் பெண்கள் அறிந்திருத்தல் நலம். இதையெல்லாம் இரண்டு நாள் செய்துவிட்டுக் கைவிடுவோர்க்கு நிவாரணம் கிட்டாது. நாள்தோறும் கிரமமாகச் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியும்.

செயற்கைக் கண்ணீர் என்னும் சொட்டு மருந்து தக்க துணையே. ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண் இயல்பாகத் தாங்கி நிற்கும் நீர் ஏழு மைக்ரோலிட்டர் அளவு. குப்பியிலிருந்து விழும் ஒரே சொட்டு முப்பது முதல் ஐம்பது மைக்ரோலிட்டர் வரை இருக்கும். ஒரு சொட்டே கண்ணுக்கு மிஞ்சியது என்றால், இரண்டு மூன்று சொட்டு ஊற்றுவது கன்னத்துக்கு மருந்திடுவதேயாகும். ஒரு சொட்டு இட்டுக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் இருத்தலே முறை. நாளில் நான்கு தடவைக்கு மேல் இடவேண்டிய நிலையில் இருப்பவர்கள், பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பதனப் பொருள் கலவாத மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்பொருள் அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே அது துன்புறுத்தும். குப்பியின் முனை இமையிலும் விரலிலும் படலாகாது. திறந்த குப்பிக்கு அதன் மேல் குறித்துள்ள கெடு கடந்தால் மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனெண்ணெயில் உள்ள ஒமேகா மூன்று கொழுப்பைப் பெரிதும் நம்புவோர் உண்டு. அமெரிக்காவில் 535 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அதை நாளொன்றுக்கு மூன்று கிராம் உண்டவர்க்கும் ஆலிவ் எண்ணெய் உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மீன் நல்ல உணவே. எனினும் விலையுயர்ந்த மாத்திரைகளுக்காகக் கடன்படத் தேவையில்லை. குழந்தைகளுக்கு ஊட்டக்குறைவால் வரும் கண் வறட்சியோ முற்றிலும் வேறு விஷயம். மாலைக்கண்ணில் தொடங்கி, வைட்டமின் ஏ குறைவால் கருவிழியே கரைந்து பார்வை பறிபோகும் கொடிய நோய் அது. முருங்கைக்கீரையும் பப்பாளியும் அங்கே உண்மையான காவலர்கள். அந்த அறிகுறி கண்ட குழந்தையை அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அன்பினால் செய்யப்படும் சில விபரீதங்களையும் இங்கே மனம் திறந்து கண்டிக்க வேண்டியிருக்கிறது. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூவின் சாறு, பன்னீர் என்று எத்தனையோ பொருள்களைக் கண்ணில் விடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அப்பொருள்களின் பெருமை எதுவாயினும், வீட்டில் பிழிந்த சாறு கிருமி நீக்கப்பட்டதன்று. பாதுகாப்பு இழந்த கருவிழியோ கிருமிக்குத் திறந்த வாசல். ஆலைகளில் எச்சரிக்கையுடன் தயாராகும் மருந்திலேயே பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2023ஆம் ஆண்டு சாட்சி. செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட கிருமித் தொற்று ஒன்றில், அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டு, நால்வர் உயிர் துறந்து, 14 பேர் பார்வை இழந்தனர். அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். ஆலையிலேயே இது நேருமாயின், அடுக்களையில் பிழிந்த சாற்றை எவ்வாறு நம்புவது? மருந்துக் கடையில் "கண் சிவந்திருக்கிறது" என்று சொல்லி வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவை தரும் சுகம் உடனடியானது. வைத்தியர் கண்காணிப்பு இன்றி மாதக்கணக்கில் இட்டால் கண்ணழுத்தம் உயர்ந்தும் புரை வளர்ந்தும், வறட்சியைவிடப் பெரிய கேட்டில் கொண்டுபோய் விடும். வைத்தியர் சீட்டு இன்றி அவற்றை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள்.

வலி மிகுந்தாலும், பார்வை மங்கி இமைத்த பின்னும் தெளியாவிட்டாலும், வெளிச்சம் பொறுக்க முடியாமல் கூசினாலும், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தென்பட்டாலும், ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவந்தாலும், வீட்டுப் பராமரிப்பு அவ்விடத்தோடு நின்றுவிட வேண்டும். வைத்தியர் கீழிமையில் ஒரு சிறு காகிதப் பட்டையை மாட்டி ஐந்து நிமிஷத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பார். ஓட்டோ ஷிர்மர் என்பவர் 1903இல் வகுத்த எளிய முறை அது. நீர் சுரவாத குறையா, நில்லாத குறையா என்பதை அளந்தும் உருப்பெருக்கியில் பார்த்தும் அறிந்த பிறகே சிகிச்சை நேர்வழியில் செல்லும்.

இவ்வளவும் தனி மனிதர் செய்துகொள்ள வேண்டியவை. ஆனால் பத்து மணி நேரம் திரையினின்று கண்ணெடுக்க இடங்கொடாத அலுவலகத்தில் வேலை செய்பவரிடம் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தொலைவில் நோக்குங்கள் என்று சொல்வது, ஜன்னலே இல்லாத அறையில் இருப்பவனைக் காற்று வாங்கச் சொல்வதாகும். வேலை தருவோர், கண்ணை மூடி அமரும் சில நிமிஷங்களைச் சோம்பல் என்று எண்ணாமல், இயந்திரத்துக்கு எண்ணெய் இடும் நேரமாகக் கருதி மனமுவந்து தர வேண்டும். பள்ளிகளிலும் பாடத்துக்குப் பாடம் நடுவே பிள்ளைகள் கண் மூடித் திறக்கவும், வெளியே மரத்தைப் பார்க்கவும் ஓர் ஒழுங்கு ஏற்படுத்தலாம். இதற்குச் சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. கண் உழைக்கிறது என்ற நினைவு ஒன்றே போதும்.

என் தமக்கையாருக்கு அந்தக் கண் வைத்தியரின் மருத்துவமனையில் இருந்த செவிலிப் பெண் ஒருத்தி சொல்லிக் கொடுத்த உபாயத்தைக் கூறி முடிக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து இமைக்க நினைவிருக்காது என்று அவர் தயங்கியபோது, "ஒவ்வொரு தையல் முடிஞ்சு நூலை அறுக்கிறப்போ ஒரு தடவை கண்ணை மூடித் திறங்கம்மா" என்றாளாம் அந்தப் பெண். இரவில் ஒத்தடம், பகலில் நூல் அறுக்குந்தோறும் ஓர் இமைப்பு என்று ஆறு மாதம் கடந்துவிட்டது. "முழுக்கப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், தம்பி. ஆனா மணல் கொட்டின மாதிரி இருந்தது இப்ப இல்ல. முந்தானையும் காய்ஞ்சே இருக்கு" என்றார் சென்ற வாரம். சொல்லிக்கொண்டே ரவிக்கையின் கை ஓரத்தைத் தைத்து முடித்தார். கத்தரிக்கோலை எடுத்து நூலை அறுத்தார். அறுத்த கையோடு, யாரும் நினைவூட்டாமலே, கண்களை மெல்ல மூடித் திறந்தார்.